குமரிக்கு நாலு கிலோமீட்டர்

நாள் 141. காலை 6.40. நாங்குநேரிக்குத் தெற்கே.
வெளி வெப்பம் 44. உடுப்புக்குள் 29. இரண்டு பேட்டரியும் சரி. இடது குதிகாலில் கொப்புளம், மருந்து வைத்தாயிற்று.

இதை எடுத்துப் படிப்பவருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் தேவசகாயம், பொறியாளர். குளிரூட்டும் உடுப்பு ஒன்றை அணிந்து, இமயத்தின் அடிவாரத்திலிருந்து குமரி வரை பகலில் நடக்கிறேன். வெயில் ஆளைக் கொல்லத் தொடங்கிய பின் நாட்டைப் பகலில் கடந்தவர் எவரும் இல்லை. இந்த உடுப்பு தேறினால் மறுபடி பகலில் வயலில் ஆள் நிற்கலாம்.

பேட்டரிகளைக் கைவண்டியில் இழுத்து வருபவர் இருளாயி, கமுதிப் பக்கத்துக்காரர். அவருக்கு உடுப்பு கிடையாது. பொழுது சாய்ந்ததும் கிளம்பி, அடுத்த நிழற்கூடத்தில் எனக்காகக் காத்திருப்பார். நான் நடந்த தூரம் முழுவதையும் அவரும் நடந்திருக்கிறார். சோதனை அறிக்கையில் அவர் 'சரக்கு' என்ற தலைப்பின்கீழ் வருகிறார்.

நாள் 142. காலை 9.50. குமரிக்கு 4 கி.மீ.
வெளி 51. ஒரு பேட்டரி செத்துவிட்டது. மற்றது கால் மணி நேரம்கூடத் தாங்காது. சாலைக்கு அடியிலுள்ள சிறு பாலத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். இருளாயி கடைசிக் கூடத்தில் இருக்கிறார், முன்னால் மூன்று கிலோமீட்டரில். வாக்கி-டாக்கியில் கூப்பிட்டேன்.

"பேட்டரி போச்சும்மா. வெயில் ஏறிடுச்சு. வர முடியுமா?"

"சாக்கை நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டு வாரேன் சார். நீங்க நெழல விட்டு வெளிய வந்துராதீங்க."

பின்னாலிருக்கும் கூடம் கூப்பிடு தூரம்தான். அங்கே திரும்பிப் போய்ச் சாயங்காலம் வரை இருந்திருக்கலாம். இருந்தால் குமரியில் ஏற்பாடாகியிருக்கும் வரவேற்பு விழா நாளைக்குத் தள்ளிப்போகும். நேரலைக்கு எல்லாம் தயார் என்கிறார்கள். அவர் முடியாது என்று சொல்ல மாட்டார். தெரிந்துதான் கேட்டேன்.

காலை 11.05. அதே இடம்.
வந்துவிட்டார். பேட்டரியை அவரே மாற்றினார். சாக்கு எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. மாற்றி முடித்து உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். தோல் கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. என் குடிநீரை அவர் மேல் ஊற்றினேன். கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். ஃபரீதா பேசினாள்.

"இருளாயி விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ அனுப்பு."

"சார், குளிர்சாதன வண்டி ஒண்ணுதான் இருக்கு, முடிவுக்கோட்டுல நிக்குது. அது உங்க பாதைக்குள்ள வந்தா விதிப்படி சோதனையே ரத்து. நீங்க கோட்டைத் தொட்ட நிமிஷமே அனுப்பிடுறோம். நாலு கிலோமீட்டர்தானே சார்."

"சரி."

சரி என்றேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

உடுப்பைக் கழற்ற நான்கு நிமிடம் போதும். அவருக்கும் அது பொருந்தும். கழற்றவில்லை. அவருடைய வாக்கியைக் காதருகே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பகல் 12.30. கன்னியாகுமரி.
முடிந்தது. 12.06க்குக் கோட்டைத் தொட்டேன். கண்ணாடிக் கூடத்துக்குள் கூட்டம். கைதட்டல் எனக்கு மீன்தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. மாலைக்குக் குனிந்தேன். "மேடையில ரெண்டு வார்த்தை மட்டும் சார்" என்று ஃபரீதா வாக்கியில் சொன்னாள்.

ரெண்டு வார்த்தையோடு நிறுத்தவில்லை. எழுதித் தந்திருந்ததை முழுக்கச் சொன்னேன். யாருடைய துணையும் இல்லாமல் ஒரு தனி மனிதன் இந்த நாட்டை நடந்து கடந்துவிட்டான் என்றேன். கையை உயர்த்தினேன். சிரித்திருக்கிறேன், திரையில் என் முகம் தெரிந்தது.

இறங்கி வந்து பார்த்தால் ஆம்புலன்ஸ் மேடைக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கோட்டைத் தொட்டதும் நானாவது கேட்டிருக்கலாம்.

இப்போது போயிருக்கிறது. என்னையும் ஏற்றிக்கொள் என்று நான் சொல்லவில்லை.

பகல் 1.10.
மாலை இன்னும் கழுத்தில் கிடக்கிறது. பேட்டிக்கு ஆள் வந்து நிற்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

வாக்கியில் இருளாயியின் குரல் வந்தது.

"சார். உசுரு இருக்கு. வண்டியில ஏத்திட்டாங்க."

நான் வாயைத் திறக்குமுன் மறுபடி பேசினார். நாக்கு குழறியது.

"உங்க வாக்கிப் பொத்தான் அமுங்கியே கெடந்துச்சு போல. மேடையில பேசுனது பூராவும் கேட்டுச்சு. பாலத்துக்கு அடியில வேற சத்தமே இல்ல. அதையே கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. வண்டியின் இரைச்சலும் மூச்சும் வந்துகொண்டிருக்கின்றன.

பேசும் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய விரலை எடுக்கவில்லை. இருளாயி, நான்