கொறங்காடும் கம்பெனி போர்டும்

மும்பை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லாருக்கேனுங்க. அம்மாவுக்கு முட்டிவலி தேவலைங்களா?

ஆடு மேயற நம்ம கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி அடைக்க, நான் வேலை பாக்கற டிரஸ்ட்டுல நிதி கேட்டிருந்தீங்கல்ல? தர்றாங்களாமுங்க. ஆனா புல்லையெல்லாம் உழுதுபோட்டு, வரிசையா மரக்கன்னு நட்டு, டிரஸ்ட்டுக்குப் பணம் குடுக்கற கம்பெனி பேரு போட்ட போர்டு வெக்கோணுமாம். நீங்க அனுப்புன போட்டோவைப் பாத்துட்டு எங்க மேனேஜர், "இது தரிசுதானே"ங்கறாரு. புல்லுக்குள்ள கௌதாரி முட்டை வெச்சிருக்குதுன்னு சொன்னேன். "மரம் இருந்தாத்தான் போட்டோவுல பச்சையாத் தெரியும்"னு சிரிக்கறாருங்க. இயற்கையைக் காப்பாத்தற டிரஸ்ட்டாம், த்தூ! அவரு வாங்கிக் குடுத்த டீயை அப்படியே வெச்சுப்போட்டு எந்திரிச்சு வந்துட்டேன். வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்க, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க.

காயிதம் வந்தா, மக ஆபீசுதானேன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டுப்போடாதீங்க. வேலியை நாமளே அடைச்சுக்கலாமுங்க.

கொள்ளுப்பொடி தீந்துபோச்சு, பார்சல் போடுங்க. அப்புறம், விடியக்காலைல கௌதாரி கத்தறதைப் போன்ல புடிச்சு அனுப்புங்கப்பா. ஆபீசுக்கு இல்லீங்க, எனக்கு.

ட்ரெயினுக்கு நேரமாச்சுங்க.

உங்க அம்மணி
தாரணி