வேகப்பிடி என் பக்கம்

சாண்டஸ்கி, ஒஹையோ
மார்ச் 9

அன்புள்ள ராலண்டுக்கு,

நான் இங்கே சௌக்கியம். அக்கா பெர்னிஸுக்கு இடுப்பு எலும்பு கூடி வருகிறது. கைத்தடியோடு சமையலறை வரை நடக்கிறாள். நடந்து வந்து நான் வைக்கும் சூப்பில் உப்பில்லை என்கிறாள். நீ சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை. இவ்வளவு துணிச்சலான காரியம் செய்கிறவன் நன்றாகத்தான் இருப்பான்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். அன்று நான் பேச்சை எடுத்ததுமே காதுக் கருவியைக் கழற்றிவிட்டாய். "என்னது? எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றாய். ஞாயிற்றுக்கிழமை பட்டறையே பூட்டிக் கிடக்கும், எந்த எஞ்சின் ஓடுகிறதாம்? படகு எஞ்சினின் திறந்த புகைக்குழாய்களுக்கு முன்னால் நின்று நின்று உன் காது போனது நிஜம்தான். என் காதும்தான் பாதி போனது. ஆனால் எனக்கு வேண்டியது, வேண்டாதது இரண்டும் சேர்ந்து போனது. காகிதத்துக்குக் கருவி தேவையில்லை. உட்கார்ந்து முழுதாகப் படி.

எனக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாவம், பட்டறை ஆஸ்வால்டோவைத் திட்டாதே. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நல்ல மனசோடுதான் போனில் கூப்பிட்டான். "அக்கா, படகுல நீங்க நின்னு சாஞ்சுக்கிற சீட்டைக் கழட்டியாச்சு. குப்பையில போடவா, இல்ல ஞாபகத்துக்கு வேணுமா?" என்று கேட்டான். ஏன் கழற்றினாய் என்றேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நான் பிடிக்கும் வேகப்பிடி இரண்டையும் நீ ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே மாற்றி வைக்கச் சொன்னதாகவும், மே மாதப் பழைய படகு ஓட்டத்தில் தனியாகவே ஓட்டப்போவதாகவும் சொன்னான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, என்னைப் படகிலிருந்து இறக்கிவிட்ட செய்தி எனக்குப் பட்டறை ஆள் மூலம் வருகிறது.

நீ எப்பேர்ப்பட்ட ஆள் என்று யோசித்துப் பார்க்கிறேன். நம் பழைய படகைப் புதுப்பிக்கும்போது, திருகாணியின் தலை அந்தக் காலத்து மாதிரி இல்லை என்று ஒரு பெட்டி திருகாணியைத் திருப்பி அனுப்பினவன் நீ. ஆரஞ்சுக் கோட்டின் நிறம் கொஞ்சம் வெளிறிவிட்டதென்று பக்கவாட்டு முழுவதையும் மறுபடி சுரண்ட வைத்தவன். படகு பட்டறையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஓர் இம்மி மாறினாலும் அது பழைய படகே இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டாய். சரி, அன்றைக்கு அதில் இரண்டு பேர் நின்றோமே ராலண்ட். அந்த ஒன்றை மட்டும் மாற்றலாமா? படகுக்கு 'ஞாயிற்றுச் சண்டை' என்று பெயர் வைத்ததே நம் இரண்டு பேரையும் வைத்துத்தானே? தனி ஆளாக யாரோடு சண்டை போடப்போகிறாய்?

பெர்னிஸிடம் சொன்னேன். ஒரு பழைய படகுக்கா இவ்வளவு கோபம் என்று சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அந்தக் காலத்துப் பிமினித் தீவுப் போட்டியைத்தான் சொல்கிறேன். திரும்ப வேண்டிய கடைசி மிதவைக்கு முன்னால் அந்தச் சிவப்புப் படகை முந்துவதற்காக நீ சட்டென்று உள்ளே திருப்பினாய். திருப்புவதற்கு முன் முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடிப்பாய், நான் வேகத்தைத் தணிப்பேன், அதுதான் நமக்குள் பேச்சு. அன்றைக்கு இடிக்கவில்லை. படகு அலையை விட்டு எகிறி அந்தரத்தில் நிற்கும்போது திருப்பினாய். நான் என்ன செய்திருக்க முடியும்? மறுநாள் பத்திரிகையில் பெண்ணின் கை தடுமாறியதால் படகு கவிழ்ந்தது என்று போட்டான்.

உன் தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். உன்னால் பேச முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். உனக்கு ஸ்ட்ராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே நான்தான், என் தோளுக்கும் கட்டுப் போட்டிருந்தது. ஆனால் கம்பியை எடுத்த பிறகு உன் வாய்க்கு என்ன வந்தது? ஒவ்வொரு விருந்திலும் உன் சிநேகிதர்கள், லோர்னா கையில் கொடுத்தால் பிரேக்கே இல்லாமல் படகு நின்றுவிடும் என்று கேலி செய்தபோது நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் வறுத்த மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் நீ ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அதனால் உனக்கு உண்மை தெரியும், வெளியில் சொல்லத்தான் வெட்கம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். இப்போது வேகப்பிடியை என் கையிலிருந்து எடுத்து உன் பக்கம் வைத்துவிட்டாய். அப்படியானால் நீயும் அதைத்தான் நம்புகிறாயா?

நீ வேறு காரணம் சொன்னதாகவும் ஆஸ்வால்டோ சொன்னான். "அக்காவுக்கு இன்னொரு தடவை அடிபட்டா தாங்க மாட்டேன்னு அண்ணன் சொன்னாரு" என்றான். அது உன் வாயிலிருந்து வந்ததா, என்மேல் இரக்கப்பட்டு அவன் சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. நிஜமாகவே நீ சொன்னதென்றால் அதை என்னிடம் சொல்வதற்கு என்ன? பயமாக இருந்தால் பயம் என்று சொல். காப்பாற்றுகிறேன் என்று என்னைக் கரையில் நிறுத்தாதே. உன் வலது தோள் மழைக்காலத்தில் காபிக் கோப்பையைக்கூடத் தூக்க விடுவதில்லை. அந்தக் கையால் வேகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தக் கையால் திருப்பிக்கொண்டு, எழுபது மைல் வேகத்தில் விரிகுடா அலையில் போகப்போகிறாயாக்கும். கரையில் நின்று அதைப் பார்ப்பதற்கு நான் கல்லா?

அடுத்த வாரம் பெர்னிஸின் மகள் வந்துவிடுவாள். நான் மயாமிக்கு வருகிறேன். ஓட்டத்துக்கு முந்தின நாள் ஓட்டுநர்கள் கூடும்போது, பழைய கூட்டம் எல்லாம் இருக்கும், நீ எழுந்து நின்று, "பிமினியில சொல்லாம திருப்புனது நான்தான்" என்று சொல்ல வேண்டும். பேச்சு, கதை, நகைச்சுவை எதுவும் வேண்டாம். அது மட்டும் போதும். சொல்லாவிட்டால் அந்தப் படகில் நீ ஏறு, நான் விமானம் ஏறிவிடுகிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. பட்டறைப் பையன்களோடு சேர்ந்து தினமும் பொரித்த பன்றிக்கறி தின்னாதே. சோதனை ஓட்டத்துக்குப் போனால், நீ தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை இடுப்பில் மாட்டாமல் கிளம்பாதே. அவசரத்தில் மறக்கிறவன் நீ. கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும்.

என் சீட்டைக் குப்பையில் போட வேண்டாம் என்று ஆஸ்வால்டோவிடம் சொல்லிவிட்டேன். துடைத்து அலமாரிமேல் வைத்திருக்கிறான். திருப்பி மாட்டும்போது கீழே நான் நிற்கும் பலகையை ஓர் அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல். வயதாகி நான் அவ்வளவு உயரம் குறைந்துவிட்டேன். இல்லாவிட்டால் உன் முழங்கை என் விலாவுக்கு எட்டாது.

இப்படிக்கு,
உன் வலது பக்கம் நிற்கிற
லோர்னா