ஓசிக் காவல்காரன்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
8.8.2016

அண்ணே,

நல்லா இருக்கியா? மழையில இருமல் வந்திருக்கும், சுடுதண்ணி குடி. நலம் விசாரிச்சாச்சு, விஷயத்துக்கு வர்றேன்.

கம்ப்யூட்டர்ல கூடவே வர்ற ஆன்டிவைரஸ் போதுமா, தனியா ஒண்ணு வாங்கணுமான்னு கேட்டிருந்தே. போதும். உன் விண்டோஸ்லயே டிஃபெண்டர் இருக்கு. ஆனா அதுக்கு அப்பப்போ அப்டேட் கொடுக்கணும். உங்க ஹட் பே தீவு நெட்ல அது இறங்கி முடியறதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிடுவே. அதனால நான் வேலை பாக்குற கடையில இறக்கி, டிவிடில எழுதி இதோட வச்சிருக்கேன். போட்டு டபுள் கிளிக் பண்ணு, அவ்வளவுதான்.

அப்புறம், கப்பல் வர்ற அன்னிக்கெல்லாம் புதுப்படத்தோட ஒரு பென் டிரைவ் வீடு வீடா சுத்துமே, அதை உன் கம்ப்யூட்டர்ல செருகாதே. நாப்பது வீட்டுக் கிருமி அதுல இருக்கும். நீ ஸ்கேன் பண்ணி வச்சிருக்கிற ஊர்க் காகிதம் எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து எனக்கு அனுப்பி வை.

ஃபோன்ல கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். எனக்கு கை வலிக்குது.

ஷீலா

---

ஹட் பே
16.8.2016

அன்புத் தங்கை ஷீலாவுக்கு அண்ணன் சந்திரமோகன் எழுதுவது.

நலம். இருமல் இல்லை. நீ சென்னையில் படிப்பைப் பாதியில் விட்டு வந்த அன்று உன்னுடன் பேசமாட்டேன் என்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

இந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? கச்சால் தீவில் சுனாமிக்குத் தப்பி இங்கே வந்த நூற்று அறுபத்து நான்கு குடும்பங்களின் மண்டபம் முகாம் காகிதங்கள். சிலோனிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. நான்கு வருடம் வீடு வீடாகப் போய் வாங்கி ஸ்கேன் செய்தேன். அதற்குப் பிறகு பல வீடுகளில் அசல் காகிதம் ஈரத்தில் மக்கிவிட்டது. அக்டோபர் 15-க்குள் கொடுத்தால்தான் வீட்டுமனைக்கு மனு எடுப்பார்கள்.

இதற்குப் போய் ஓசியில் வந்ததைக் காவல் வைக்கச் சொல்கிறாய். பஜாரில் ஒரு ஆன்டிவைரஸ் சிடி வாங்கிப் போட்டுவிட்டேன். "ஓசிக் காவல்காரன் தூங்கிடுவான் சார்" என்றார் கடைக்காரர். அவர் டிப்ளமோ முடித்தவர். காப்பியும் அனுப்புவதற்கில்லை. ஊர்க் காகிதம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

சந்திரமோகன்

---

டெய்ரி ஃபார்ம்
22.8.2016

அண்ணே,

அரே பாபா! உன் பக்கத்து வீட்டு முனியாண்டி மாமா ஆஸ்பத்திரிக்கு இங்க வந்தப்ப கேட்டேன். அந்த சிடி அட்டையில 2013ன்னு போட்டிருக்காம். மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்த வைரஸ்தான் அதுக்குத் தெரியும். அதுகூடப் பரவாயில்ல. வெளியிலிருந்து ஒண்ணு வந்து உக்காந்தா உள்ள இருக்கிறது ஒதுங்கிக்கும். ரெண்டும் சேர்ந்து வேலை பாக்காது. ஆக, முழிச்சிருந்தவனைத் தூங்க வச்சிட்டு, குருடனைக் கூப்பிட்டு வாசல்ல நிறுத்தியிருக்கே.

அதைக் கழட்டு. என் டிவிடியைப் போடு. நான் டிப்ளமோ முடிக்கல, சரி. தினம் பத்து கம்ப்யூட்டர் திறந்து பாக்குறேன், அதுக்கு ஒரு மார்க்காவது கொடு.

ஷீலா

---

ஹட் பே
1.9.2016

அன்புத் தங்கைக்கு,

ஒரு சின்ன விஷயம். ஞாயிறு கப்பலில் வந்த படத்தைப் பார்க்கலாம் என்று முனியாண்டி வீட்டார் பென் டிரைவோடு வந்தார்கள். பெரிய திரை நம் வீட்டில்தானே இருக்கிறது, எப்படி முடியாது என்பது? மறுநாள் பார்த்தால் எல்லா ஃபோல்டரும் அம்புக்குறி போட்ட படமாக நிற்கிறது. திறந்தால் ஒன்றும் இல்லை. சிடி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் டிவிடியை இன்னும் போடவில்லை. கடைக்காரர் ஃபார்மட் செய்யலாம் என்கிறார். உன் அபிப்பிராயத்தை அடுத்த கப்பலில் எழுது.

சந்திரமோகன்

---

டெய்ரி ஃபார்ம்
6.9.2016

அண்ணே, எதையும் தொடாதே!

ஃபைல் எங்கேயும் போகல. அந்த வைரஸ் ஒளிச்சு வைக்கும், அழிக்காது. ஒரே ஒரு வரி டைப் பண்ணா எல்லாம் வெளிய வந்துடும். தனித் தாள்ல பெருசா எழுதி இதோட வச்சிருக்கேன், பாத்து அப்படியே அடி. ஃபார்மட்னு எவனாவது சொன்னா வாசலோட அனுப்பு.

காலையிலிருந்து உனக்கு ஃபோன் போடறேன், முனியாண்டி மாமாவுக்கும் போடறேன். புயல் மழைல ஹட் பே டவர் படுத்துடுச்சு. ஒண்ணாம் தேதி டவர் நல்லாத்தானே இருந்துச்சு? அன்னிக்குப் போய் பேனாவை எடுத்திருக்கியே, உன்னை என்னன்னு திட்டறது? கடல் சரியில்ல, கப்பல் இல்லங்கறாங்க. இந்த லெட்டர் எப்போ வந்து சேருமோ.

ஷீலா

---

ஹட் பே
13.9.2016

ஷீலா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஒன்பதாம் தேதி ஃபார்மட் செய்தாகிவிட்டது. கடைக்காரர் விண்டோஸும் புதிதாகப் போட்டுவிட்டார்.

எதைத்தான் நம்புவது? நீ சொன்னதும் காக்கவில்லை, நான் வாங்கியதும் காக்கவில்லை. ஊரில் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனு எப்போது போகிறது என்று ஒச்சம்மா தினம் வந்து கேட்கிறாள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

ஏதாவது வழி உண்டா? கம்ப்யூட்டர் பெட்டியை முனியாண்டியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வீட்டைவிட்டு வெளியே போகிறது. போகட்டும்.

அண்ணன்

---

டெய்ரி ஃபார்ம்
26.9.2016

அண்ணே,

பெட்டி பத்திரமா வந்துச்சு. பத்து நாளா டிஸ்க்கைத் தோண்டிட்டு இருக்கேன். நூத்து இருபத்தேழு குடும்பத்துக் காகிதம் கிடைச்சிடுச்சு. ஃபைல் பேரெல்லாம் போச்சு, வெறும் நம்பராத்தான் வருது. ஒவ்வொண்ணாத் திறந்து, ஃபோட்டோவில மூஞ்சியைப் பாத்து யாருன்னு எழுதி வச்சேன். முப்பத்தேழு வரல. அது மேலதான் புது விண்டோஸ் உக்காந்திருக்கு. வராது. ஒச்சம்மா அத்தையோடதும் அதுல ஒண்ணு.

"நீ சொன்னதும் காக்கல"ன்னு எழுதாதே. நான் சொன்னதை நீ ஒரு நாள்கூட ஓட விடல. சரியா அப்டேட் பண்ணா, கண்டதைச் செருகாம இருந்தா, காப்பி ஒண்ணு வேற இடத்துல இருந்தா, கூட வர்றதே போதும். இதைக் கடைசித் தடவையாச் சொல்றேன். ஆனா உன் காகிதத்தை அழிச்சது வைரஸ் இல்லண்ணே. ஃபார்மட்.

முப்பத்தேழு பேர் லிஸ்ட் இதுல வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. வீடு வீடாப் போ. "தங்கச்சிக்கு ஒரு ஃபோன் போட ரோஷம் விடல, அதனால உங்க காகிதம் போச்சு"ன்னு நின்னு சொல்லு. திட்டினா வாங்கிக்கோ. மக்கினதோ கிழிஞ்சதோ, மிஞ்சினதை எடுத்து வைக்கச் சொல்லு. பாதி எழுத்து தெரிஞ்சாலும் நான் ஸ்கேன்ல தெளிவாக்கிப் பாக்கறேன்.

வெள்ளிக்கிழமை கப்பல்ல ஸ்கேனரைத் தூக்கிட்டு வர்றேன். ஓனர் லீவு தரல, பரவாயில்ல, வேற கடை பாத்துக்கறேன்.

என்னைக் கூப்பிட கப்பல் துறைக்கு வராதே. அந்த நேரத்துல ரெண்டு வீடு முடிச்சுடலாம். ஒச்சம்மா அத்தை வீட்ல இரு, நேரா அங்க வந்துடறேன்.

ஷீலா