ஜும்கி மலடு இல்லை

மோனுவின் அப்பாவுக்கு,

கம்பு ரொட்டி துணியில் சுற்றியிருக்கிறது, மோர் பானையில். மதியம் வரும் ரோத்தக் மாட்டு வியாபாரிக்கும் மோர் கொடுத்து அனுப்புங்கள். மலட்டு எருமை என்று ஜும்கியை அவருக்கு விற்க வேண்டாம்.

ஜும்கி மலடு இல்லை, பட்டினி. “கறக்காத எருமைக்கு எதுக்குடி புண்ணாக்கு? வைக்கோல் போதும்” என்று சட்டம் போட்டது நீங்கள். வெறும் வைக்கோலைத் தின்றால் எந்த எருமை பருவத்துக்கு வரும்? எதிர்வீட்டுக்காரி தன்பதியின் எருமையும் இப்படித்தான் சினை பிடிக்காமல் நின்றது. “கடுகுப் புண்ணாக்கும் தாது உப்பும் வச்சேன் அக்கா, சினை பிடிச்சிருச்சு” என்கிறாள். தன்பதி பேச்சில் பாதி புளுகு. ஆனால் எருமையின் வயிறு புளுகாது. சுவரேறி நானே பார்த்தேன்.

ஜும்கியைக் கொட்டிலில் தேடாதீர்கள். என் அண்ணன் வீட்டுக்கு ஓட்டிப்போகிறேன். சினை பிடித்ததும் இருவரும் திரும்புவோம்.

இன்னொன்று: கொட்டிலில் நிற்கும் கறவை எருமைக்குப் புண்ணாக்கு ஊறவைத்திருக்கிறேன். உங்கள் ரொட்டிக்குக் குழம்பு வைக்கவில்லை. நீங்களும் கறப்பதில்லையே.