டாக்டருக்குத் தூக்கிக் காட்டிய கால்

பம்பாய்
9.7.1979

அன்பான சவுரிக்கு,

உன் வீட்டுக்காரன் கிறிஸ்துராஜ் எழுதுகிறேன். நீயும் கிரேஸியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இருப்பதாக நீயும் நம்பிக்கொள்.

நாளை மறுநாள் போட்டிக்காக இங்கிலாந்துக்கு விமானம். இந்திய அணி என்றதும் பெரிய படை என்று நினைத்துவிடாதே. சக்கர நாற்காலியில் நாங்கள் நாலு பேர், எங்களைத் தள்ளவும் திட்டவும் மேனேஜர் வேதாசலம் சார். தேசம் அவ்வளவுதான். ஆளுக்கொரு நீலக் கோட்டு கொடுத்தார்கள். தையல்காரர் நிற்கிறவனுக்குத் தைத்துவிட்டார். உட்கார்ந்தால் முழங்காலை மூடுகிறது. அணியில் என் பக்கத்துக் கட்டில் பஞ்சாபி ஹவில்தாரிடம், நம்ம ஊர் தோல் ஷாப்பில் கற்ற உருதுவில் பேசினேன். "இது எந்த நாட்டு பாஷை?" என்று உருதுவிலேயே கேட்கிறார்.

வாசலில் இருக்கும் மூன்று படியையும் இடித்துச் சரிவாக்கட்டுமா என்று நீ கடைசியாகப் பாகாயம் வந்த ஞாயிறு கேட்டாய். பொறு. ஏழு வருஷத்துக்கு முன் தோல் காயப்போடும் மாடியிலிருந்து விழுந்தேனே, அன்று என்னைக் கதவுப் பலகையில் போட்டுத் தூக்கிப் போனதை ஆம்பூரே பார்த்தது. திரும்பினால் குண்டு எறிந்து வாங்கிய மெடலோடு திரும்புவேன். இல்லாவிட்டால் இப்போது இருக்கும் பாகாயம் ஆஸ்பத்திரி விடுதியே எனக்குப் போதும்.

உன்
கிறிஸ்துராஜ்


ஆம்பூர்
16.7.1979

கிரேஸி அப்பாவுக்கு சவுரியம்மாள் எழுதுவது.

கடிதம் வந்தது. அங்கே குளிர் ஜாஸ்தியாமே, மார்பை மூடிக்கொள்ளுங்கள். கிரேஸி பரீட்சையில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறிவிட்டாள்.

பக்கத்து வீட்டு நயீம் அகமது அண்ணன் நேற்றும் வந்தார். "இன்னாம்மா, சிமெண்ட் மூட்டை வந்து ஒரு மாசம் ஆவுது, கல்லாப் போய்டும். அவரு வர்றாரா இல்லையா?" என்றார். என்ன சொல்வது? மெடல் வந்தால் வருவார் என்றேன். அவர் மூட்டையை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

மெடலை நான் கேட்கவில்லை. நீங்களாகவே சொல்லிக்கொள்கிறீர்கள்.

இப்படிக்கு
சவுரியம்மாள்


இங்கிலாந்து
29.7.1979

அன்பான சவுரிக்கு,

ஒன்பது பேரில் ஒன்பதாவதாக வந்த வீரன் எழுதுகிறேன்.

நடந்ததைக் கேள். போட்டிக்கு முன் ஒவ்வொருவரையும் டாக்டர் சோதிப்பார். உடம்பில் எவ்வளவு அசைவு மிச்சமோ அதற்குத் தக்க பிரிவு. அசைவு கம்மியென்றால் கம்மியானவர்களோடுதான் போட்டி. வெள்ளைக்கார டாக்டர் என் காலைத் தொட்டு "தூக்கு" என்று சைகை காட்டினார். பாகாயத்தில் நம்ம டோரதி சிஸ்டர் தினமும் "தூக்கு கிறிஸ்துராஜ், இன்னும் கொஞ்சம், சபாஷ்!" என்பார்களே, வார்டே கை தட்டுமே! அந்தப் பழக்கம். மூச்சைப் பிடித்து, இடுப்பை முறுக்கி, தொடையை அரை விரற்கடை எழுப்பிவிட்டேன். கைதட்டலுக்காக வேறு காத்திருந்தேன். டாக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வேதாசலம் சார் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், உன்ன யாருய்யா அதெல்லாம் தூக்கிக் காட்டச் சொன்னது? இடுப்புல பலம் இருக்கறவனுங்களோட சேத்துட்டாங்கய்யா!"

அவர்கள் எறிந்த குண்டு புல்வெளியின் மறுகோடியில் விழுந்தது. என்னுடையது என் நிழலைத் தாண்டியது.

பம்பாயில் சில நாள் தங்க வேண்டியிருக்கிறது, அந்த விலாசத்துக்கு எழுது. சிமெண்டை நயீம் அகமதுவே எடுத்துக்கொள்ளட்டும்.

உன்
கிறிஸ்துராஜ்


ஆம்பூர்
9.8.1979

கிரேஸி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிரேஸி சத்தமாகப் படித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த டாக்டருக்குக் காட்டியதைத்தான் ஏழு வருஷமாக எனக்கும் காட்டுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, இரண்டு பஸ் மாறி வருகிறேன். சவரம் செய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, வார்டு வம்பெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிறீர்கள். கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துத் தைத்து என் கழுத்து திரும்பவில்லை. அதை உங்களிடம் சொல்ல ஒரு ஞாயிறுகூட இடம் கிடைக்கவில்லை. இந்த மனுஷனுக்கு நான் எதற்கு என்று திரும்பும் பஸ்ஸில் தோன்றும்.

இனிமேல் பாகாயத்துக்கு வர மாட்டேன். கோபமில்லை. முடியவில்லை.

சிமெண்ட் இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. படியை இடிக்கவா, வேண்டாமா? முதல் வரியில் வேடிக்கை பேசினால் மடித்து வைத்துவிடுவேன்.

சவுரியம்மாள்


பம்பாய்
15.8.1979

சவுரி,

படியை இடிக்கச் சொல்.

போகும்போதே விமானத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் புண் வந்துவிட்டது. எனக்குத்தான் வலி தெரியாதே. கையில் ஈரம் பட்டபோதுதான் தெரிந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதோடுதான் எறிந்தேன். பத்து நாளாக இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடக்கிறேன். கையெழுத்து கோணுவது அதனால்.

களைப்பாக இருக்கிறது சவுரி. ஏழு வருஷமும் களைப்பாகத்தான் இருந்தது. நீ வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகச் சனிக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடப்பேன். நீ பஸ் ஏறியதும் மறுபடி படுத்துவிடுவேன்.

உன் கழுத்தைப் பற்றிச் சொல். வந்து கேட்கிறேன்.

வீட்டில் வைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை, மெட்ராஸிலிருந்து பெங்களூர் போகும் பகல் வண்டி. பாகாயத்துக்குப் போகக் காட்பாடியில் இறங்க மாட்டேன். ஆம்பூரில் இரண்டு நிமிஷம்தான் நிற்கும். நயீம் அகமதுவோடு இன்னும் இரண்டு ஆட்களைக் கூட்டி வா. என்னைத் தூக்க ஒருவர் போதாது.

கிறிஸ்துராஜ்