காற்றுக்கு ஒரு கண்

டிசம்பர் 3, வியாழன்

காலையில் பனி. எதிர்வீட்டுக் கூரை வெகுநேரம் தெரியவே இல்லை. தயிர் உறையவில்லை.

நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும். அக்காவுக்கு ஆரஞ்சு. பேச்சுக்கு ஒரு சொல்.

எங்கள் மல்லேஸ்வரம் மாதர் சங்கத்தில் மாதம் ஓர் ஆங்கிலச் சொல். அதன் பொருள், கதை கவிதைகளில் அது வரும் விதம், எல்லாம் தமிழில் பேச வேண்டும். அடுத்த சனிக்கிழமை என் முறை. காரியதரிசி மாமி வாசலிலேயே எச்சரித்துவிட்டுப் போனார்:

"போன வருஷம் ஒருத்தி 'லவ்'னு எடுத்துண்டா. பாதிப் பேர் எழுந்து போய்ட்டா. மீதிப் பேர் போகாததுக்கு ஆத்துல திட்டு வாங்கினா. நீ சமத்தா ஏதாவது சாமான் பேரா எடு."

சாமான் பேர். சரி: விண்டோ.

டிசம்பர் 5, சனி

வெயில் நன்றாக. கல்லூரியின் பெரிய அகராதி. விண்டோ என்றால் ஆதியில் 'காற்றின் கண்' என்றிருக்கிறது. நம்முடைய பழைய சொல் ஒன்று காலதர்: காற்று வரும் வழி. இன்னொன்று பலகணி: பல கண். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே ஓட்டையைப் பார்த்து ஏறக்குறைய ஒன்றையே நினைத்திருக்கிறார்கள். ஜன்னல் போர்த்துகீசியன் விட்டுப்போனதாம். பால்காரம்மாவின் கன்னடத்தில் கிடகி.

ஆங்கில நாவல் ஜன்னல்களுக்குக் கம்பி கிடையாது. பெண்கள் இடுப்புவரை வெளியே சாய்கிறார்கள், ஏணி வைத்து இறங்குகிறார்கள், வரவேண்டியவனுக்காக மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். கண்ணை ஆன்மாவின் ஜன்னல் என்கிறார்கள். நம் ஜன்னலில் கை மட்டும் வெளியே போகும்.

எல்லாக் கதையிலும் ஆசிரியர் உள்ளே இருப்பவளோடுதான் உட்கார்ந்திருக்கிறார். வெளியே நிற்பது காதலன், திருடன், ஆவி. நான் எதில் சேர்த்தி?

அக்கா தும்கூரிலிருந்து வந்து பின்கட்டு அறையில் படுத்ததிலிருந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பவள் நான். உள்ளே போக அனுமதி அம்மாவுக்கு மட்டும். தெருவுக்கு அது மார்ச்சளி. டாக்டர் எங்களிடம் சொன்ன பேர் வேறு. மருந்தைவிட முக்கியம், ராப்பகலாக ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "மார்கழி வரப்போறது, இந்தக் குளிர்ல ஜன்னலைத் திறந்து வைன்னு எந்த டாக்டராவது சொல்வானா?"

டிசம்பர் 6, ஞாயிறு

மேகம். வீடெல்லாம் மைதாப் பசை வாசனை.

நேற்று மாலை இருட்டடிப்பு ஒத்திகை. இனி ராத்திரிகளில் எந்த வீட்டு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. யுத்தம் இங்கே எட்டிப்பார்ப்பது இப்படித்தான். இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் ராமையா வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்: "ஸ்வாமி, ஹிந்தே, பின்னாடி உங்க ரூம்ல லைட் காண்றது. ஏரோப்ளேன்காரனுக்கு வாங்கோன்னு காட்டற மாதிரி இருக்கு!" சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. தெரு கேட்க அவரை ஒருவர் குறை சொன்னது இதுவே முதல் தடவை.

இன்று காலையிலேயே கறுப்புக் காகிதம், பசை, ஏணி. அக்காவின் ஜன்னலில் கதவோடு சட்டத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டார். இனி அது திறக்காது. அம்மாவுக்குத் திருப்தி. "குளிரும் வராது, உத்தரவும் ஆச்சு."

மாலையில் போய்ப் பேச நின்றேன். காகிதத்துக்குப் பின்னால் இருமல் மட்டும்.

டிசம்பர் 8, செவ்வாய்

அமாவாசை முடிந்தது. பேச்சில் ஒரு வரி எழுதவில்லை.

டாக்டர் வந்தார். காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அவளுக்கு நீங்க கொடுக்கறதுல உருப்படியான மருந்து அந்தக் காத்துதான். அதையும் நிறுத்திட்டேளா?" டாக்டர் போனதும் அப்பா என்னிடம், "பகல்ல திறக்கலாம். ராத்திரி என்ன பண்றது? விளக்கு எரியணுமே" என்றார்.

"விளக்கு வேண்டாம்ப்பா."

சொன்னது நான் இல்லை. உள்ளேயிருந்து அக்கா.

அம்மா தாழ்வாரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். "விளக்கு வைக்கற வேளையில மனுஷா இருக்கற அறையை இருட்டாப் போடறதா? அதுவும் படுத்துண்டிருக்கறவ அறையை? எதை வான்னு கூப்பிடறேள்?"

"மூச்சை வான்னு கூப்பிடறேன், அம்மா." உள்ளேயிருந்து மறுபடி அக்கா.

யாரும் சாப்பிடவில்லை.

டிசம்பர் 9, புதன்

பகல் முழுவதும் தெளிந்த வானம். நல்ல குளிர்.

மத்தியானம் அப்பாவே ஈரத்துணியால் காகிதத்தை ஊறவைத்து உரித்தார். எட்டாத மூலைகளில் நான். பசை அவர் மீசையில். துடைத்துவிடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

அந்தி. காகிதம் ஒட்டிய மற்ற அறைகளில் எல்லாம் விளக்கு. அம்மா அக்காவின் அறைக்குள் போய் பல்பைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள், ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறாற்போல். அக்காவுக்குத் தன் கம்பளியைப் போர்த்திவிட்டு வந்திருக்கிறாள். நேராகப் பூஜையறை. ஸ்லோகம் சொல்லும் சத்தம் வழக்கத்தைவிட உரக்க.

நான் ஜன்னலடியில். கதவுகள் விரியத் திறந்து. கன்னத்தில் காற்று, அது என்னைத் தாண்டி உள்ளே போவது தெரிந்தது. பேச்சுக்கு எடுத்த குறிப்புகளைப் படித்துக் காட்டலாம் என்று கொண்டுபோயிருந்தேன். இருட்டில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வாயால் சொன்னேன்: காற்றின் கண், காற்றின் வழி, ஏணி, மெழுகுவர்த்தி.

பதில் இல்லை. கட்டில் எங்கே என்றுகூடக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பயந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உள்ள ஒண்ணுமே தெரியலை. முழிச்சிண்டிருக்கியா?"

"இருக்கேன்டி." நீளமாக ஒரு மூச்சு. இருமல் இல்லை. "கொஞ்சம் தள்ளி நில்லு. நட்சத்திரத்தை மறைக்கறே."

தள்ளி நின்றேன்.