ரவோன் என்று அடித்தேன்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
அலுவலகத்தில் ஒத்திகை. தனியாக இருந்தால் விசைப்பலகையைப் பார்க்காமலே நிரல் அடிப்பேன். பின்னால் நாலு பேர் நின்றால் போதும், விரல்கள் என்னுடையவை இல்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அழித்தேன். மேலாளர் பாக் ஹென்ட்ரோ கொட்டாவி விட்டார். “சனிக்கிழமை சுரபாயா நிரலர் கூட்டத்துல மேடையேறி ஒழுங்கா அடிச்சுக் காட்டு வெனிங், பயிற்சிப் பிரிவுப் பொறுப்பு உனக்கு. சொதப்பினா பகாஸுக்கு.”

ஆகஸ்ட் 6
சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 7
பகாஸே வழி சொன்னான். போட்டிக்காரன், ஆனாலும் நல்லவன். அவனிடம் ஒரு குட்டி நிரல் இருக்கிறது. எல்லாவற்றையும் முன்பே எழுதி வைத்துவிட்டால், மேடையில் எந்த விசையைத் தட்டினாலும் திரையில் சரியான எழுத்து விழும். “சும்மா தட்டிட்டே இரு, ஒருத்தனுக்கும் தெரியாது.”
இது ஏமாற்று இல்லையா? ஏமாற்றுதான். டிவியில் சமைப்பவர்கள் வெந்ததை மேசைக்கடியிலிருந்து எடுப்பதில்லையா?

ஆகஸ்ட் 9, சனி
எழுதவே கூசுகிறது.
தொடக்கம் அமர்க்களம். சாப்பாட்டுக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலி. நான் லாமோங்கான்காரி, அதனால் எங்கள் ஊர் சோத்தோ சூப்பையே எழுதி வைத்திருந்தேன். விரல்கள் பறந்தன, கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்: “அக்கா, இது சுரபாயா! சோத்தோவைத் தூக்கிட்டு எங்க ஊரு கறுப்பு சூப்பு, ரவோன்னு போடுங்க!”
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, நினைவில்லாமல், ரவோன் என்று அடித்தேன். எழுதி வைத்திருந்த அடுத்த வரி விழுந்தது — இன்னொரு சோத்தோ.
“டேய், அது தானா அடிக்குதுடா!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.
ஐயோ. ஓடியிருக்கலாம். ஏன் ஓடல? தெரியல. அந்த நிரலை நிறுத்தினேன். “மன்னிச்சுக்குங்க. ஆளுங்க பாத்தா எனக்குக் கை வராது. இப்ப நெஜமா அடிக்கிறேன்.”
தப்பு, தப்பு, எல்லாமே தப்பு. “அடைப்புக்குறிய மூடுங்கக்கா!” “கமா விட்டுப்போச்சு!” அவர்கள் கத்தக் கத்த அடித்தேன். கடைசியில் ரவோன் ஆர்டர் விழுந்தது. மண்டபமே ஆர்ப்பரித்தது. பாக் ஹென்ட்ரோ மட்டும் கைதட்டவில்லை.

ஆகஸ்ட் 11
பயிற்சிப் பிரிவு பகாஸுக்கு. “கம்பெனி பேரைச் சொல்லிட்டு ஊரை ஏமாத்தியிருக்க” என்றார் பாக் ஹென்ட்ரோ. அந்த நிரலைக் கொடுத்ததே அவன்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கழிவறையில் போய் அழுதேன். பகாஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 20
மாலாங்கிலிருந்து ஓர் ஆசிரியை அழைத்தார். தொழிற்கல்லூரியாம். “எங்க பசங்க அன்னைக்கு அங்க இருந்தாங்க. வகுப்புல வாயே திறக்காதவங்க, மேடையில நிக்கறவங்களுக்கே தப்பு சொல்லியிருக்காங்க! சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சொல்லித்தருவீங்களா?”
“நான் தப்புத் தப்பா அடிப்பேனே மேடம்?”
“அதுக்குத்தான் கூப்பிடறேன்.”

செப்டம்பர் 6, சனி
மாலாங். வகுப்பு நிறையக் கண்கள். முதல் வரியிலேயே பிழை. நிரல் ஓடவில்லை. திருத்தாமல் காத்திருந்தேன்.
முன்வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்தது. “அக்கா... அங்க கமா?”
போட்டேன். அடுத்த வரியிலும் பிழை; இந்த முறை யார் கை உயரும் என்று பார்த்தேன்.